சேலத்து மைதானங்களில் அதே பத்துப் பேர்

வியாழன் இரவு, அம்மாப்பேட்டை

மே மாதத்தில் சேலத்துக்கு வருகிறவர்கள் ஏற்காட்டுக்குப் போவார்கள், இல்லாவிட்டால் மாம்பழம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். நான் மேட்ச் பார்க்க வந்திருக்கிறேன். திருச்சியில் பஸ் ஏறும்போது இது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. நாமக்கல் தாண்டி வெயில் என் பக்கத்து ஜன்னலுக்கு வந்ததும் கொஞ்சம் சந்தேகமாகிவிட்டது.

தங்கல் பெரியம்மா வீட்டில். வந்ததும் கேட்டார்: "யாரு ஆடுறா? நம்ம சொந்தத்துல யாராச்சும் ஆடுறாங்களா?"

"இல்ல பெரியம்மா."

"அப்புறம் எதுக்கு இந்த வெயில்ல?"

அண்ணனுக்கு மட்டும் விஷயம் புரிந்தது. போனை எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களைக் காட்டினார். பாதிக்குப் பாதி போட்டி போஸ்டர்கள். மேலே ஊர் மாரியம்மன், அதற்குக் கீழே பெரிய எழுத்தில் 'மாபெரும் மின்னொளி கபாடிப் போட்டி', முதல் பரிசு, அதை வழங்குகிறவரின் கூப்பிய கைகள், இரண்டாம் பரிசு, இன்னொரு ஜோடிக் கைகள். அடியில் பொடி எழுத்தில் 'நடுவரின் தீர்ப்பே இறுதியானது', 'அசல் ஆதார் அட்டை கொண்டு வரவும்'. பின்னதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். வெளியூர் ஆட்டக்காரனை உள்ளூர்ப் பையன் என்று இறக்குவது நம் மாநிலம் முழுக்க நடக்கிற கதை.

இந்த மாவட்டத்தில் மே மாதம் இத்தனை போட்டிகள் ஏன் என்று அண்ணனிடம் கேட்டேன். பள்ளிக்கூடம் லீவு, காடு கழனி காய்ந்து கிடக்கிறது, அம்மன் கோவில் திருவிழாவுக்கு வெளியூரில் வேலை பார்க்கிற பையன்கள் வந்திருக்கிறார்கள். பகலில் ஆட முடியாத வெயில் என்பதால் எல்லாம் ராத்திரிக்குப் போய்விட்டது. "நாளைக்கு வாலிபால், நாளான்னிக்கு கபாடி. வாலிபால்ல யாரைப் பாக்குறியோ அவங்களைத்தான் கபாடியிலயும் பாப்ப" என்றார். ஆட்டக்காரர்களைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளி இரவு

அம்மாப்பேட்டையிலிருந்து பைக்கில் பத்து நிமிடம், ஊருக்குள்ளேயே ஒரு மைதானம். ஆறரைக்குப் போனபோது நெட் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் வாலிபாலில் நெட்டின் உயரம் 2.43 மீட்டர். டேப் எல்லாம் கிடையாது. ஒரு மூங்கில் குச்சியில் அந்த உயரத்துக்குச் சிவப்புத் துணி சுற்றி வைத்திருக்கிறார்கள். குச்சியை நட்டு, துணி தெரிகிறவரை கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டால் சரி.

முதல் மேட்ச் தொடங்குவதற்குள் கூட்டம் தானாக இடம் பிரித்துக்கொண்டது. நெட்டுக்கு நேரே பையன்கள், சைக்கிள் ஸ்டாண்டு மேல் பொடிசுகள், பின்னால் பைக்கை விட்டு இறங்காமலேயே பார்க்கிறவர்கள். எண்ட் லைனும் சைடு லைனும் சேரும் மூலையில் மட்டும் ஒரு மடக்கு நாற்காலிக்கான இடம் காலியாகவே இருந்தது. யாரும் அங்கே நிற்கவில்லை. ஏழு மணிக்கு ஒரு பெரியவர் டிவிஎஸ் மொபெட்டில் வந்தார். பின்னால் கட்டியிருந்த நீல நாற்காலியை அவிழ்த்து, அந்த இடத்தில் விரித்து உட்கார்ந்தார்.

லைன் பார்க்க ஒரு கல்லூரிப் பையனைக் கொடியோடு நிறுத்தியிருந்தார்கள். லைனுக்கு விரற்கடை தூரத்தில் விழும் பந்து எப்போதும் வில்லங்கம்தான். அடித்தவன் உள்ளே என்பான், எடுக்காமல் விட்டவன் வெளியே என்பான். அப்படி ஒவ்வொரு முறையும் பையன் கொடியைத் தூக்குவதற்கு முன்னால் கண்ணை ஒரு கணம் தாழ்த்துவதைக் கவனித்தேன். எங்கே பார்க்கிறான் என்று தொடர்ந்தால், பெரியவரின் செருப்பு. பந்து வெளியே என்றால் வலது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்கிறார். உள்ளே என்றால் கால் அசைவதில்லை. ஆட்டம் முழுக்க அவர் வாயைத் திறக்கவில்லை. அம்பயருக்கும் இது தெரியும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இரண்டாவது செட்டில் அவரும் அந்தச் செருப்பைத்தான் பார்த்தார்.

இடைவேளையில் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை பார்த்தவர். கண் மங்கியதும் வேலையை விட்டுவிட்டார். கண் மங்கிய ஆளிடமா லைனைக் கேட்கிறார்கள் என்றேன். "கிட்டத்துலதானுங்க தெரியாது. தூரம் நல்லாத் தெரியும்" என்றார்.

அவருக்கு இப்போதைய வாலிபால் மேல் பெரிய வருத்தம் ஒன்று இருக்கிறது. முன்னெல்லாம் சர்வீஸ் போடுகிற அணிக்குத்தான் பாயின்ட். எதிரணி ரேலியை ஜெயித்தால் சர்வீஸ் மட்டும் கைமாறும். 15 பாயின்ட் செட் ஒன்று முக்கால் மணி, ஒரு மணி நேரம்கூட இழுக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் விதியை மாற்றி, எந்தப் பந்தை ஜெயித்தாலும் பாயின்ட் என்று ஆக்கினார்கள். செட் 25, கடைசி செட் மட்டும் 15. "இப்ப உக்காந்து வேட்டிய சரி பண்றதுக்குள்ள எட்டுக்கு நாலுங்கறான்" என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த, தட்டுவடை செட் விற்கிற அக்காவும் அவர் கட்சிதான். மேட்ச் சீக்கிரம் முடிந்தால் வியாபாரம் படுக்கிறது. மைதானத்துக்கு வந்ததும் அந்த அக்கா முதலில் பார்ப்பது ஃபிக்சர் ஒட்டிய பலகையை. எத்தனை டீம், உள்ளூர் டீம் எந்தப் பக்கத்தில் விழுந்திருக்கிறது, ஜெயித்தால் அடுத்தது எத்தனை மணிக்கு என்று படித்துவிட்டுத்தான் பீட்ரூட்டைத் துருவ ஆரம்பிக்கிறார். உள்ளூர் டீம் முதல் ரவுண்டிலேயே தோற்றால் பாதிக் கூட்டம் வீட்டுக்குப் போய்விடும். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் டீம் ஜெயிக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொள்கிறார். இவ்வளவு மனசார உள்ளூர் அணியை ஆதரிக்கும் ரசிகரை நான் பார்த்ததில்லை.

கூட்டத்துக்குப் பின்னால் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒருவர் நின்றபடியே இருந்தார். கைதட்டவில்லை, கத்தவில்லை. யார் என்று கேட்டதற்கு அண்ணன், "பி.டி. வாத்தியார். அவரு ஆட்டம் பாக்க வர மாட்டாரு, ஆளு பாக்க வருவாரு" என்றார். சரி, தூக்கம் வருகிறது. நாளைக்கு விடிகாலையில் ஸ்டேடியம்.

சனி மதியம்

காந்தி ஸ்டேடியம். மகாத்மா காந்தி பெயரில் இருக்கும் மாவட்ட விளையாட்டரங்கம். ஆறு மணிக்கே நடைப்பயிற்சிக்காரர்கள், கோடைகாலப் பயிற்சி முகாமுக்கு வந்த பிள்ளைகள், அவர்களுடைய அம்மாக்கள். அம்மாக்கள் கேலரி நிழலில் தண்ணீர் பாட்டில்களோடு வரிசையாக உட்கார்ந்து டிபன் கணக்குப் பேசுகிறார்கள். தன் பிள்ளை ஓடும் முறை வரும்போது மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது. ஓடி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள்.

உயரம் தாண்டும் மெத்தைப் பக்கம் போனால் அங்கே நேற்றைய பி.டி. வாத்தியார். என்னை அடையாளம் கண்டு தலையாட்டினார். ஒல்லியான ஒரு பெண் தாண்டிக்கொண்டிருந்தாள். குறுக்குக் கம்பியைப் பார்க்காமல் அவளுடைய கடைசி மூன்று எட்டுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசி எட்டுல நின்னு யோசிக்குது. யோசிக்காம எகிறினா இன்னும் அரை அடி இருக்கு" என்றார்.

உயரம் தாண்டுதல் என்றால் இந்த மாவட்டத்தில் பேச்சு மாரியப்பன் தங்கவேலுவிடம்தான் போய் நிற்கும். பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில் கால் மேல் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. 2016 ரியோ பாராலிம்பிக்ஸில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். ஒரே ஆட்டத்தில் அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்ஸிலும் பதக்கம் வாங்கியவர். வாத்தியார் சொன்னது வேறு. ரியோவுக்கு அப்புறம் முகாம்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர்களின் முகம் மாறிவிட்டதாம். முன்பு பையனை இழுத்துப் போவதற்குத்தான் அப்பாக்கள் மைதானத்துக்கு வருவார்கள், இப்போது வந்து விட்டுவிட்டுப் போகிறார்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதும் அதற்கு ஒரு காரணம் என்று சேர்த்துக்கொண்டார். "ஆசைக்கு வந்தா என்ன, வேலைக்கு வந்தா என்ன, வந்தாச் சரி."

எட்டு மணிக்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து மோர் குடித்துவிட்டு இதை எழுதுகிறேன். சாயங்காலம் கபாடி.

சனி இரவு, இல்லை, ஞாயிறு விடிகாலை

இப்போது மணி மூன்றரை. காது இன்னும் ஸ்பீக்கரின் பிடியில் இருக்கிறது. தூங்கிவிட்டால் பாதி மறந்துபோகும், அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

தாரமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். கைலாசநாதர் கோவில் சிற்பங்களுக்குப் பேர் போன ஊர் தாரமங்கலம். அதைச் சுற்றியுள்ள ஊர்களில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் விசைத்தறிச் சத்தம்தான். இன்று ஊர்த் திருவிழா என்பதால் தறிகள் ஓய்வில் இருந்தன. அந்த அமைதியை மைக் செட் ஈடுகட்டிவிட்டது.

ஐந்து மணிக்கு எடை போடும் சடங்கு. 55 கிலோ பிரிவு. நூல் கடையிலிருந்து எலக்ட்ரானிக் தராசு வந்திருந்தது. இதைப் பார்க்காமல் கபாடி பார்த்தேன் என்று சொல்லக் கூடாது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத பையன்கள், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கோவிலைச் சுற்றி ஓடுகிறவர்கள், ஓரமாக நின்று எச்சில் துப்பிக்கொண்டே இருக்கிற ஒருத்தன். மஞ்சள் பனியன் அணியின் ரைடர் ஒருவன் ஏறினான். 55.250. இறங்கி ஓடிவிட்டு வந்தான். 55.100. பனியனைக் கழற்றினான். 55.050. அணி மேனேஜர் தலையில் கைவைத்துவிட்டார். அப்போது பையன் இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாண் கொடியைக் கழற்றி யாரிடம் கொடுப்பது என்று சுற்றிப் பார்த்தான். நீட்டிய கை நமக்குத் தெரிந்த கை. நேற்றைய நாற்காலிப் பெரியவர்.

கொடியை உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை மெல்லத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். "அம்பத்திரெண்டு கிராம். ஏறு சாமி" என்றார். பையன் ஏறினான். 55.000. அந்தத் தராசு ஐம்பது ஐம்பதாகத்தான் காட்டும், அதனால் பெரியவரின் இரண்டு கிராமைச் சரிபார்க்க வழியில்லை. கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. மேனேஜர் அவனுக்கு உடனே இரண்டு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார்.

ஒன்பது மணிக்கு ஆட்டம். நாற்காலி ஆடுகளத்தின் மூலையில். தட்டுவடை அக்கா பலகையைப் படித்துவிட்டு, உள்ளூர் டீமுக்கு முதல் ரவுண்டு 'பை', அதாவது ஆடாமலே அடுத்த ரவுண்டு என்று தெரிந்ததும் நிம்மதியாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை பைக்கை விட்டு இறங்காமல் பார்த்த அதே மூன்று பேர் இங்கேயும் இறங்கவில்லை. முழங்காலில் பட்டை கட்டிய முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர், காந்தி ஸ்டேடியத்தில் காலையில் நடந்துகொண்டிருந்தவர், இங்கே ஸ்கோர் எழுதுகிறார். அண்ணன் வியாழக்கிழமை சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆட்டக்காரர்கள் ஊருக்கு ஊர் வேறு. சுற்றி நிற்கிற ஒரு பத்துப் பேர் எங்கே போனாலும் அவர்களேதான். நெட் கட்ட, தராசு தூக்க, லைன் போட, சண்டை வந்தால் நடுவில் போய் நிற்க என்று அந்தப் பத்துப் பேருக்கும் யாரும் ஒதுக்காத வேலை இருக்கிறது.

அவர்களில் தலைவர் என்றால் மைக் பிடிக்கிற அண்ணன்தான். அகலமான ஆள், சிவப்புத் துண்டு, கையில் பனங்கற்கண்டுப் பொட்டலம். ஒரு ரைடுக்கு முப்பது வினாடி, அதை அவர்தான் வாயால் எண்ணுகிறார். "இருபது... இருபத்தஞ்சு... தம்பி கோட்டுக்கு வா..." எதிர்ப் பக்கம் ஆறோ ஏழோ பேர் நின்றால்தான் போனஸ் கோடு செல்லும் என்பதைத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு மேட்சிலும் ஒரு முறை விளக்குகிறார். நடுவில் அன்பளிப்புப் பட்டியல். அதற்கு நடுவில், "மொட்டை மாடியில உக்காந்திருக்கிற தாய்மார்களே, கைப்பிடிச் சுவர் மேல குழந்தைகள உக்கார வைக்காதீங்க." அதற்கும் நடுவில், "நாற்காலி ஐயா வந்துட்டாரு, எனக்கு இனிமே பயமில்ல."

தை மாதத்தில் இவர் ஆத்தூர் பக்கம் கூலமேட்டிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஜல்லிக்கட்டுக்கு மைக் பிடிக்கிறவராம். அந்தப் பழக்கம் ஆவேசம் வரும்போது எட்டிப் பார்க்கிறது. மஞ்சள் பனியன் பையனை நாலு பேர் சேர்ந்து அமுக்கியபோது, "மாடு புடிபட்டது! மாடு புடிமாடு!" என்று கத்திவிட்டு, "மன்னிக்கணும், ரைடர்" என்றார். கூட்டம் ஐந்து நிமிடம் சிரித்தது. அந்தப் பையனும் தரையில் கிடந்தபடியே சிரித்தான்.

ஆட்டத்தைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எல்லோரும் ரைடரின் கையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஸ்கோர் எழுதுகிற முழங்கால் பட்டைக்காரர் லெஃப்ட் கார்னரில் நிற்கிறவனின் குதிகாலைப் பார்க்கச் சொன்னார். குதிகால் தரையில் பதிந்திருந்தால் அவன் பாய மாட்டான், பின்வாங்கத்தான் போகிறான். குதிகால் லேசாக எழும்பினால் அடுத்த நொடி ரைடரின் கணுக்கால் அவன் கையில் இருக்கும். அதன் பிறகு நான் கையைப் பார்க்கவே இல்லை. பத்துக்கு ஏழு தடவை சரியாக வந்தது. புரோ கபாடியை டிவியில் பல வருடமாகப் பார்க்கிறேன், கேமரா இதை ஒருநாளும் எனக்குக் காட்டியதில்லை.

மனதில் பட்ட இன்னொன்று. களத்தைச் சுற்றி ஆயிரம் பேர் இருந்தால் அதில் பெண்கள் பத்துப் பேர் இல்லை. எல்லோரும் மொட்டை மாடியில். விசில் சத்தம் அங்கிருந்துதான் அதிகம் வந்தது, அன்பளிப்புப் பட்டியலிலும் இரண்டு பாட்டிகளின் பெயர் வந்தது. கீழே பெண்களுக்கு என்று ஒரு பக்கம் கயிறு கட்டி நாலு வரிசை நாற்காலி போட என்ன செலவாகிவிடும்? இந்தக் கேள்வியை விழாக் குழுப் பையன் ஒருவனிடம் கேட்டேன். "அடுத்த வருசம் பண்ணிடலாம்ங்ணா" என்றான். போன வருடமும் யாரோ கேட்டிருப்பார்கள்.

மஞ்சள் பனியன் அரையிறுதியில் ஒரு பாயின்ட்டில் தோற்றது. பெரியவர் அரைஞாண் கொடியைத் திருப்பிக் கொடுத்து, கொக்கி தேய்ந்திருக்கிறது, பட்டறையில் காட்டி மாற்றிக்கொள் என்று சொல்லி அனுப்பினார்.

ஞாயிறு இரவு, ஏற்காடு

பஸ்ஸில் தூங்கிவிட்டதால் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் நான் பார்த்தது நாலுதான். வளைவுக்கு வளைவு எண் பலகை இருக்கிறது. கண் விழித்தபோது 17. காதில் அடைப்பு, கையில் குளிர். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம்.

சீசன் கூட்டம் ஏரியைச் சுற்றி நெரிந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, படகுக்கு நின்ற வரிசையைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன். அண்ணனின் நண்பர் ஒருவர் ஜீப்பில் ஒரு மலைக் கிராமத்துக்குக் கூட்டிப்போனார். மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர், கேரளத்து மலையாளிகள் இல்லை. வாலிபால் இறுதி ஆட்டம், மலையிலிருந்து ஒரு அணி, கீழிருந்து ஒரு அணி. கீழே இருந்து வந்தது வெள்ளிக்கிழமை இரவு நான் பார்த்த டீம்தான்.

சரிவை வெட்டிச் சமன் செய்த இடத்தில் ஆடுகளம். நீளம் 18 மீட்டர், அகலம் 9. அதற்கு வெளியே ஒரு பக்கம் நாலு எட்டு வைத்தால் காபித் தோட்டம் கீழே இறங்குகிறது. சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, அடியில் காபிச் செடி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்கு வந்தது காபி. அதனால் இன்றைக்கு அவதிப்படுகிறவர்கள் பந்து பொறுக்கும் பையன்கள். தோட்டத்தில் மூன்று மட்டத்தில் மூன்று பையன்களை நிறுத்தியிருக்கிறார்கள். மேல் பையன் விட்டால் நடுப் பையன், அவனும் விட்டால் கீழ்ப் பையன். கீழ்ப் பையன் விட்ட பந்துக்கு அடுத்த பந்து எடுத்துவிடுவார்கள். சுண்ணாம்புக் கோடு தூறலில் கரைந்துவிடும் என்பதால் லைனுக்குத் தேங்காய் நார்க் கயிறு, மூலைகளில் முளை அடித்து.

இங்கே பெண்கள் மொட்டை மாடியில் இல்லை. மேல் சரிவில் படிபடியாக உட்கார்ந்திருந்தார்கள், தோட்ட வேலைக்குப் போட்டுக்கொள்ளும் முழுக்கைச் சட்டையோடு சிலர். ஆடுகிற ஒவ்வொருவனையும் உறவு சொல்லிக் கூப்பிடுகிறார்கள். சர்வீஸ் நெட்டில் பட்டால், "டேய் மருமவனே, சோறு போட மாட்டேன் பாத்துக்க" என்று ஒரு குரல். அந்த மருமகன் திரும்பிப் பார்க்காமலே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த பந்தை வாங்குகிறான்.

இந்தக் கூட்டத்தில் தெரிந்த முகம் இருக்காது என்று நினைத்தேன். இரண்டாவது செட்டில் பின்னால் விசில் கயிறு தெரிந்தது. பி.டி. வாத்தியார்! "நீங்க என்ன சார் மலைக்கு?" என்றேன். "நீங்க என்ன சார் மலைக்கு?" என்று அவரும் கேட்டார். மலை அணியில் பதினைந்து வயதுப் பையன் ஒருவனுக்காக இரண்டாவது தடவை ஏறி வந்திருக்கிறார். விளையாட்டு விடுதியில் சேர்க்க வேண்டும், சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அங்கேயே. பையனுக்குச் சம்மதம். பையனின் பாட்டிக்கு இல்லை. பாட்டி சரிவில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து இவரை முறைத்துக்கொண்டிருந்தார். மேட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாத்தியார் எழுந்துபோய் அந்தப் பாட்டிக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார். ஆட்டத்தில் நான் பாதியைத் தவறவிட்டது இந்தப் பேச்சுவார்த்தையைக் கவனித்ததால்தான். பாட்டி கேட்டது ஒன்றே ஒன்று: "காப்பி பறிப்புக்கு லீவு விடுவாங்களா?"

செட் இரண்டுக்கு இரண்டு. கடைசி செட்டில் 9-8 இருக்கும்போது மூடுபனி இறங்கியது. முதலில் தோட்டம் மறைந்தது, அப்புறம் நெட்டுக்கு அந்தப் பக்கம். சர்வீஸ் போட்டவன் பந்து எங்கே போனது என்று கேட்டான். அரை மணி நேரம் காத்திருந்தார்கள். கீழ் அணிக்குப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். டாஸ் போடலாம் என்றார் அம்பயர். மலை அணி ஒப்புக்கொள்ளவில்லை. முன்னணியில் இருப்பது நாங்கள், எங்களுக்கே கொடு என்றார்கள். ஒரு பாயின்ட் முன்னணியெல்லாம் முன்னணியா என்றார்கள் இவர்கள். கடைசியில் ஊர்ப் பெரியவர் ஒருவர், பரிசுப் பணத்தை ஆளுக்குப் பாதி, கோப்பை இங்கேயே இருக்கட்டும், வந்து ஆடி முடித்துவிட்டு எடுத்துப் போங்கள் என்றார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 9-8லிருந்து இன்னொரு நாள் தொடர்வது என்பது வேறு ஆட்டம். ஆனால் யாரும் என்னைக் கேட்கவில்லை.

திங்கள், சின்னப்பம்பட்டி

சேலத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர், தாரமங்கலம் தாண்டி. கிரிக்கெட் வீரர் நடராஜனின் ஊர். டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகி, வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியாவுக்குப் போனவர். 2020 டிசம்பரில் ஒருநாள் போட்டி, அதே வாரம் டி20, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். ஊர் திரும்பியபோது குதிரை சாரட்டில் ஏற்றி அழைத்து வந்தார்கள். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2023 ஜூனில் அவர் கட்டிய மைதானத்தை தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார்.

நான் போனது அந்த மைதானத்தைப் பார்க்க. பார்த்தேன், ஒரு கிராமத்துக்கு இப்படி ஒன்று கிடைத்திருப்பது பெரிய காரியம். ஆனால் அங்கே அப்போது மேட்ச் இல்லை. வெயில் தாழ்ந்ததும் கொஞ்சம் தள்ளி வெறும் புழுதிக் காட்டில் பையன்கள் விக்கி பால் என்கிற கனமான டென்னிஸ் பந்தில் ஆடுவதைப் பார்த்து அங்கே போய் நின்றேன். பந்து போடுகிறவர்கள் பாதிப் பேர் யார்க்கர்தான் போடுகிறார்கள், அதிலும் பாதிப் பேர் இடது கையால். அதில் ஒருத்தன் சோற்றுக் கை வலதுதான் என்று பின்னால் நின்ற இன்னொருவன் போட்டுக் கொடுத்தான். அடிக்கிறவர்கள் வேறு வழியில்லாமல் எல்லாப் பந்துக்கும் டொக்கு வைக்கிறார்கள். எட்டு ஓவர் ஆட்டத்தில் ஒரு டீம் 23 ரன். பார்க்கிற எனக்கு அலுப்பாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பார்வையாளர்கள் என்று பார்த்தால் நான், இரண்டு ஆடு மேய்ப்பவர்கள், சைக்கிளில் ஐஸ் விற்கிற ஒருவர், அப்புறம் வேப்பமரத்தடியில் சிவப்புத் துண்டு. மைக் அண்ணன்! தாரமங்கலத்தில் மைக் செட் வாடகைக் கடை வைத்திருக்கிறார். பக்கத்து ஊர்க் கோவிலில் குழாய் ஸ்பீக்கரை அவிழ்க்க வந்தவர், வண்டியை நிறுத்திவிட்டு ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கருக்குத்தான் வாடகை, பேசுவதற்குக் காசு வாங்குவதில்லையாம். பேச்சுக்குக் காசு வாங்கினால், யாரைப் புகழ வேண்டும் என்று காசு கொடுத்தவன் சொல்ல ஆரம்பித்துவிடுவான் என்பது அவர் கணக்கு.

இதையெல்லாம் அவர் சொல்லவில்லை, சைகையிலும் போனில் தட்டியும் காட்டினார். சனிக்கிழமை ராத்திரிக்குப் பிறகு தொண்டை சுத்தமாகப் போய்விட்டது. பிளாஸ்கில் வெந்நீர், வாயில் பனங்கற்கண்டு. வாழப்பாடி பக்கம் 2020ல் திறந்த பெரிய கிரிக்கெட் மைதானத்தில் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) நடக்கும்போது போவீர்களா என்று கேட்டேன். போவேன் என்று தலையாட்டினார். அப்புறம் போனில் தட்டி நீட்டினார்: 'அங்க நான் மைக் இல்லாத ஆளு. பக்கத்து சீட்டுக்காரன் சும்மா இருங்கன்னு சொல்லிட்டான்.'

பையன் ஒருத்தன் கால்விரலுக்கு நேராக ஒரு யார்க்கரை இறக்கி மிடில் ஸ்டம்பைச் சாய்த்தான். மைக் அண்ணன் எழுந்து வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், நீ கத்து என்று. கத்தினேன். எனக்குத் தெரிந்த வர்ணனை எல்லாம் சனிக்கிழமை அவரிடம் கேட்டதுதான். "மாடு புடிபட்டது" என்று முதலில் அதுதான் வந்தது. பையன்கள் திரும்பிப் பார்த்து, யாருடா இந்த ஆளு என்றார்கள்.

நாளை காலை திருச்சி பஸ். போகிறவர்களுக்கு ஒரு தகவல்: இந்தப் பக்கத்துப் போட்டிகளுக்கு டிக்கெட் கிடையாது. ராத்திரி ஆட்டம் முடிகிற நேரத்தில் பஸ்ஸும் கிடையாது, வண்டி வைத்துக்கொள்ளுங்கள். மலைக்குப் போனால் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வாலிபாலில் மூலையில் காலியாக ஒரு இடம் தெரிந்தால் அங்கே மட்டும் போய் நிற்காதீர்கள்.